வேளாங்கண்ணி இரவல் வழிபாடு அல்ல

வேளாங்கண்ணியில் நடப்பது பெயர் மாற்றிய அம்மன் வழிபாடு என்ற கருத்து இன்று தமிழ்நாட்டில் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் கருத்துகளில் ஒன்றாகிவிட்டது. மொட்டை, காதுகுத்து, கொடியேற்றம், தேர், சேலை உடுத்திய சுரூபம், தொட்டில் கட்டுதல், வெள்ளியில் கண்ணும் காலும் செய்து காணிக்கை போடுதல் என்று ஒரு பட்டியலை அடுக்கிவிட்டு, இவையெல்லாம் கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று முடித்துவிடுகிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் ஒரே அணியினர் அல்லர். இந்து அமைப்புகளைச் சேர்ந்தோர் இதைத் திருட்டு என்கிறார்கள். வேதாகமத்தை மட்டுமே ஏற்கும் கிறித்துவ சபையார் இதை அஞ்ஞானம் என்கிறார்கள். சமய நல்லிணக்கத்தை விரும்பும் அறிவாளர்கள் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அழகான பண்பாட்டுக் கலப்பு என்று பாராட்டுகிறார்கள். வசையும் பாராட்டும் வேறு வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் துணிபு ஒன்றுதான்: இந்த வழிபாட்டின் உடல் வேறொருவருடையது, கத்தோலிக்கம் அதன்மேல் போர்த்திய துணி மட்டுமே, அந்தத் துணியைப் போர்த்தியவர்கள் போர்த்துகீசியரும் மிஷனரிகளும். இந்தத் துணிபு தவறு என்பதே என் வாதம். செயல்களின் வரலாறும் ஆட்சியின் வரலாறும் இதற்கு எதிராக நிற்கின்றன. அதைவிட முக்கியமாக, இந்தக் கருத்து அந்தப் பக்தியை உண்டாக்கிய மீனவர்களையும் உழவர்களையும், குழந்தைக்காக வேண்டிக்கொண்ட பெண்களையும், தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்களாக ஆக்கிவிடுகிறது.

பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பேராலயத்திலிருந்து மாதா குளம் செல்லும் மணல் பாதையில் பக்தர்கள் முழங்காலிலேயே நகர்ந்து போகிறார்கள். இது அங்கப்பிரதட்சிணத்தின் நகல் என்று எழுதுகிறார்கள். ஆனால் போர்ச்சுகலின் பாத்திமாவிலும் மெக்சிகோவின் குவாதலூப்பேயிலும் மக்கள் இதேபோல் முழங்காலில் நகர்ந்துதான் சன்னதிக்குப் போகிறார்கள். அங்கப்பிரதட்சிணம் என்ற ஒன்று இருப்பதையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குணமான உறுப்பைத் தகட்டில் செய்து காணிக்கையாக வைப்பதும் இப்படித்தான். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில் எங்கும் திருத்தலங்களின் சுவர்களில் வெள்ளியிலும் மெழுகிலும் செய்த கைகால்கள் தொங்குகின்றன. மாதாவுக்குச் சேலை உடுத்துவதைப் பற்றிச் சொல்வதானால், சுரூபத்துக்கு உண்மைத் துணியில் ஆடை தைத்து அணிவிப்பதும், திருநாளுக்குத் திருநாள் ஆடை மாற்றுவதும், நகை பூட்டுவதும், தோளில் சுமந்து தெருவில் பவனி கொண்டுபோவதும் ஸ்பெயின் நாட்டுச் செவில்லா நகரத்தில் இன்றுவரை நடக்கும் காரியங்கள். ஆடை உடுத்துவதற்கென்றே முகமும் கையும் மட்டும் முழுமையாகச் செதுக்கப்பட்ட சுரூபங்கள் அங்கே உண்டு. துணி நம்முடையது, துணி உடுத்தும் வழக்கம் ஐபீரியக் கத்தோலிக்கத்திலும் ஆழமாக வேரோடியது. நோய் தீர்க்கும் தாய் என்ற எண்ணமே மாரியம்மனிடமிருந்து வந்தது என்பாரும் உண்டு. 1569இல் லிஸ்பனைக் கொள்ளைநோய் வாட்டியதை அடுத்து, 1570 முதல் அந்நகரம் ஆரோக்கிய மாதாவுக்குப் பவனி எடுத்து வருகிறது. வெனிஸ் நகரம் 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து தப்பியதற்கு நேர்ச்சையாகக் கட்டிய பெரிய கோயிலும் ஆரோக்கிய மாதாவுக்கே உரியது. நோயில் தாயை நாடுவதற்கு மனிதர்களுக்கு யாரும் முன்மாதிரி காட்ட வேண்டியதில்லை.

கொடியேற்றத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பட்டியலில் மிக வலுவானதாகக் கருதப்படுவது இதுதான். கொடி ஏறித் திருவிழா தொடங்குவதும் தேரோடு உச்சம் அடைவதும் பிரம்மோற்சவத்தின் அமைப்பு என்கிறார்கள். நாள்களை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஆகஸ்ட் 29 மாலையில் கொடி ஏறுகிறது. ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 7 வரை ஒன்பது நாள். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. பெருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் என்பது கத்தோலிக்கத் திருச்சபை எங்கும் கடைப்பிடிக்கும் நவநாள். வேளாங்கண்ணித் திருவிழாவின் எலும்புக்கூடு அந்த நவநாள்தான். கொடிமரம் நாட்டிப் புனிதரின் கொடியை ஏற்றுவதும் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் ஊர்த் திருவிழாக்களில் உள்ள வழக்கமே. தமிழ்நாட்டில் கொடியேற்றம் அடைந்திருக்கும் பொலிவும், கூட்டத்தின் முழக்கமும், தேரின் பூ அலங்காரமும் இந்த மண்ணுக்கு உரியவை. அதை மறுக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. மறுப்பது வேறொன்றை: மண்ணுக்கு உரியது என்றாலே அது இன்னொரு சமயத்துக்கு உரியது என்று செய்யப்படும் தாவலை. வேளாங்கண்ணிக்கு வடக்கே, ஒரு மணிநேரப் பயணத்துக்குள் இருக்கிறது நாகூர் தர்கா. அங்கே கந்தூரி விழா கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. அங்கேயும் மொட்டை அடிக்கிறார்கள். அந்தத் தர்காவின் மிகப் பெரிய மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். ஒரே கடற்கரையில் மூன்று சமயத்தாரும் ஒரேவிதமாக விழா எடுக்கிறார்கள் என்றால், அந்த விதம் அந்தக் கடற்கரை மக்களின் பொதுச்சொத்து. அதை ஒரு சமயத்தின் பேரில் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு மற்ற இருவரையும் குடியேறியவர்கள் என்று சொல்வது வரலாறு ஆகாது.

இந்த இரவல் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது தமிழ்நாட்டிலேயே பிறக்கவில்லை என்பது தெரியவரும். 1729இல் கான்யர்ஸ் மிடில்டன் என்ற ஆங்கிலேயர் ரோமிலிருந்து எழுதிய கடிதம் என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். ரோமக் கத்தோலிக்கரின் தூபம், தீர்த்தம், பவனி, சன்னதிகளில் தொங்கும் நேர்ச்சைப் பொருள்கள் எல்லாம் பழைய ரோமானியரின் விக்கிரக வழிபாட்டிலிருந்து வந்தவை என்பதே அதன் வாதம். இத்தாலியக் கத்தோலிக்கர்மேல் சுமத்தப்பட்ட அந்தக் குற்றப்பட்டியலையும் இன்று வேளாங்கண்ணிமேல் சுமத்தப்படும் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஒத்துப்போகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த லூத்தரன் மிஷனரிகளும் அதே சீர்திருத்தப் பார்வையோடுதான் இங்கிருந்த கத்தோலிக்கரைப் பார்த்தார்கள். பிறகு கத்தோலிக்கக் குருவானவரான அபே துபுவா 1823இல் வெளியிட்ட கடிதங்களில், இந்தியக் கிறித்துவரின் இரவுப் பவனிகளையும் மேளதாளத்தையும் வாணவேடிக்கையையும் மாலைகள் நிறைந்த தேரையும் வருணித்து, இவை இந்துக்களின் திருவிழாக்களைப் போல் இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். சிசிலியிலும் அந்தலூசியாவிலும் நடந்த பவனிகள் இவற்றைவிட அமைதியாக நடந்தவை அல்ல. எளிய மக்களின் சத்தமும் வண்ணமும் கலந்த பக்தியைக் கண்டு கூசிய ஐரோப்பியப் படிப்பாளியின் கண், எங்கே போனாலும் அங்கே அஞ்ஞானத்தைக் கண்டது. அந்தக் கண்ணால் பார்க்கப்பட்டதைத்தான் நாம் இப்போது ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, செயல்கள் எங்கிருந்து வந்தால் என்ன, மிஷனரிகள் மக்களை ஈர்ப்பதற்காக உள்ளூர்ப் பாணியை வேண்டுமென்றே புகுத்தினார்கள் என்பது உண்மைதானே என்று கேட்கப்படும். இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி. அவர் 1606இல் மதுரைக்கு வந்தார். காவியும் குடுமியும் சந்தனமும் கிறித்துவத்துக்குப் பகையல்ல என்று வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரியிடமிருந்து அனுமதியும் பெற்றார். ஆனால் நொபிலி தம் முறையை எதற்கு எதிராக வகுத்தார் என்பதை மறந்துவிடுகிறோம். கடற்கரைக் கிறித்துவத்துக்கு எதிராக. பரங்கிப் பெயரும் பரங்கிப் பழக்கமும் உடையது என்று உள்நாட்டார் ஒதுக்கிய அந்தக் கடற்கரைச் சமயத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டவே அவர் சன்னியாசிக் கோலம் பூண்டார். வேளாங்கண்ணியோ அவர் பிரிந்து நின்ற அந்தக் கடற்கரையில் இருக்கிறது. இயேசு சபையின் மதுரை மிஷன் அதை நடத்தவில்லை. அது நாகப்பட்டினத்துப் பிரான்சிஸ்கு சபையாரின் பொறுப்பில் இருந்தது. போர்ச்சுகல் அரசின் ஞானாதிக்கத்துக்கு, அதாவது ஆயர்களையும் குருக்களையும் நியமிக்கும் உரிமைக்கு, உட்பட்ட மயிலை மறைமாவட்டத்தில், 1952இல் தஞ்சை மறைமாவட்டம் உருவாகும் வரை நீடித்தது. நொபிலியின் உத்தியை வேளாங்கண்ணிக்கு விளக்கமாகச் சொல்வது, ஒருவர் கட்டாத வீட்டுக்கு அவரைக் கொத்தனார் என்பதைப் போன்றது. உத்தி என்று ஒன்று உண்மையாகவே இருந்த இடங்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி என்று மாதாவுக்குப் பெயரிட்டார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அங்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு திட்டம் இருக்கிறது, திட்டமிட்டவர் எழுதிய நூல்கள் இருக்கின்றன. வேளாங்கண்ணிக்கு அப்படி ஒரு நிறுவனர் இல்லை. அந்தத் தலத்தின் வரலாற்றில் மிகவும் பொருள் பொதிந்த செய்தி இதுவே என்று நான் நினைக்கிறேன்.

திருச்சபைத் தலைமை உள்ளூர் வழக்கங்களை ஊட்டி வளர்த்தது என்பதும் ஆவணங்களுக்கு எதிரானது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், தமிழ்க் கிறித்துவரிடையே இருந்த சடங்குகள் பலவற்றைத் தடை செய்து 1704இல் ஆணை பிறப்பித்தார். நீண்ட வழக்காடலுக்குப் பின் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதி செய்தார். அதன்பின் இங்கே வந்த மிஷனரிகள் அந்தத் தடைகளுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிரமாணம் கைவிடப்பட்டது 1940இல்தான். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ரோம் உள்ளூர் வழக்கங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தில்தான் வேளாங்கண்ணி சிற்றாலயத்திலிருந்து பெருந்தலமாக வளர்ந்தது. மெக்சிகோவிலும் இதே செய்திதான். குவாதலூப்பே பக்தியை மிஷனரிகள் புகுத்தினார்கள் என்பது அங்கே பரவலான கதை. உண்மையில் 1556ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று பிரான்சிஸ்கு சபைத் தலைவர் பிரான்சிஸ்கோ தே புஸ்தமாந்தே பிரசங்க மேடையிலேயே அந்தப் பக்தியைக் கண்டித்தார். அதைப் புகுத்தியவர்களாகச் சொல்லப்படும் சபையே அதைக் கண்டு பதறியது.

போர்த்துகீசியர் ஆட்சியின் கதைக்கும் வருவோம். 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அது டச்சுக் கம்பெனியின் துறைமுகம். பல காலம் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம். கம்பெனியின் சமயம் கால்வினியச் சீர்திருத்தம். அதே கம்பெனி இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்ததும், மாந்தையிலிருந்து கத்தோலிக்கர் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதும், அதிலிருந்து மடு திருத்தலம் எழுந்ததும் ஈழத்துத் தமிழர் நன்கு அறிந்த வரலாறு. சோழமண்டலக் கரையின் உள்நாடு முதலில் தஞ்சை நாயக்கர்களுடையது, பிறகு மராத்தியர்களுடையது. அவர்களுக்கும் ஒரு கத்தோலிக்கத் தலத்தை வளர்க்கவேண்டிய அரசியல் காரணம் ஏதுமில்லை. 1771இல் வேளாங்கண்ணி நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப் பங்கு ஆனபோது நாகப்பட்டினத்தில் பறந்தது டச்சுக்கொடி. குருக்களை அனுப்பியது போர்ச்சுகலின் ஞானாதிக்கம் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் படையோ சுங்கச்சாவடியோ இல்லை. ஆதிக்கத்தால் நிலைத்த பக்தி ஆதிக்கம் போனதும் சுருங்கியிருக்க வேண்டும். இது ஆதிக்கம் போன பிறகு தனிப் பங்காகும் அளவுக்குப் பெருகியது.

மரபுக் கதைகளையும் கவனிக்க வேண்டும். அவை காலம் குறித்த ஆவணங்கள் அல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன். ஒரு சமூகம் தன் தொடக்கத்தை எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அவை நேரடிச் சாட்சி. முதல் கதையில் நாகப்பட்டினத்து எசமானுக்குப் பால் கொண்டுபோகும் சிறுவன் குளத்தருகே ஒரு தாயையும் குழந்தையையும் காண்கிறான். அந்த எசமான் இந்து. இரண்டாவதில் நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடக்கிறான். அவன் சொல்லைக் கேட்டு ஓலைக்குடிசைக் கோயில் எழும்புகிறது. மக்காவோவிலிருந்து வந்த போர்த்துகீசிய மாலுமிகள் மூன்றாவது கதையில்தான் வருகிறார்கள். புயலில் சிக்கிக் கரையேறிய அவர்களை அந்தக் குடிசைக் கோயிலுக்கு அழைத்துப்போவது உள்ளூர் மீனவர்கள். அன்னியர் காரைக் கட்டடம் எழுப்பினார்கள், சீனப் பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்தார்கள். ஆனால் அந்த மரபு அவர்களை விருந்தாளிகளாகவே வைத்திருக்கிறது. வரவேற்றவர்கள் நம் மக்கள். கண்டது பால்காரப் பையன், குணமானது மோர் விற்ற பையன், வழிகாட்டியது மீனவர். அதிகாரத்தில் இருந்த ஒருவர்கூட அந்தத் தொடக்கத்தில் இடம் பெறவில்லை. ‘கீழைநாட்டு லூர்து’ என்ற பட்டத்தை நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் எனக்கு வருத்தம் தருவது. லூர்து காட்சிகள் நடந்தது 1858இல். மூத்ததை இளையதின் கிளை என்று அழைத்தால், அங்கேயும் ஒருவகையில் நாம் இரவலை ஒப்புக்கொள்கிறோம்.

இனி எதிர்வாதங்களில் வலுவானது. முழங்கால் நடையும் வெள்ளித் தகடும் ஐரோப்பாவில் இருக்கலாம். மொட்டையும் காவியும் மஞ்சள் கயிறும் தென்னங்கன்றுக் காணிக்கையும் தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து வந்தவைதானே? சிலவற்றில் அண்டை வீட்டாரின் வழக்கம் புகுந்திருக்கிறது என்பது கண்கூடு. பாதயாத்திரைக்காரர் மாலை போட்டுக் காவி உடுத்துவதில் பழனியின், சபரிமலையின் சாயல் இருக்கிறது. ஆனால் நேர்ச்சைக்கென ஒரு நிற உடையைக் காலவரையோடு அணிவது லிமா நகரத்தில் அக்டோபர் மாதம் முழுவதும் ஊதா உடுத்தும் பக்தர்களும் செய்வதே. தலைமுடியை நேர்ச்சைக்காகக் களைந்தவர் பவுல் அப்போஸ்தலர். கெங்கிரேயாவில் அவர் அப்படிச் செய்ததைத் திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. பழனிக்குப் பதில் பவுலிடமிருந்து நம் மக்கள் மொட்டை கற்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. உயிர் பிழைத்த குழந்தையின் முடியைக் கொடுப்பது இந்த நாட்டுத் தாய் அறிந்த நன்றி. ஒருத்தி அதைச் சமயபுரத்தில் செலுத்துகிறாள், ஒருத்தி நாகூரில், ஒருத்தி வேளாங்கண்ணியில். செயலுக்குப் பொருள் தருவது, அது யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்பது. தோற்றத்தைக் கொண்டே உரிமையைத் தீர்மானிப்பதானால் பின்னோக்கிப் போக முடிவே இராது. உறுப்புக் காணிக்கைகள் கிரேக்கரின் அஸ்கிலேப்பியஸ் கோயில்களில் கிறித்துவுக்கு முன்பே மண்ணில் செய்து வைக்கப்பட்டவை. அப்படியென்றால் இத்தாலியக் கத்தோலிக்கரும் கிறித்துவர் அல்லர் என்றாகும். மிடில்டன் அந்த முடிவுக்குத் தயங்காமல் போனார். நம் ஆய்வாளர்கள் அவர் பாதையில் பாதி தூரம் மட்டும் நடந்து, தமிழருக்கு மட்டும் அந்தத் தீர்ப்பை வழங்கிவிட்டு நிற்கிறார்கள்.

உள்ளூர் வழக்கத்தை இப்படிப் போற்றினால் சாதியையும் போற்றவேண்டி வருமே என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. தமிழ்க் கத்தோலிக்கத்தில் சாதி ஆழமாக இருந்தது, இருக்கிறது. வடக்கன்குளம் கோயிலில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது வரலாறு. பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் பிரிந்தே கிடக்கிறது. இதற்கு என் பதில் தெளிவானது. ஒரு வழக்கம் உள்ளூருக்கு உரியது என்பதால் நல்லதும் ஆகாது, அன்னியமானது என்பதால் கெட்டதும் ஆகாது. சாதித் தடுப்பு இடிக்கப்பட வேண்டியதாக இருந்தது அது இந்து சமயத்திலிருந்து வந்தது என்பதால் அல்ல, அது மனிதரை இழிவு செய்தது என்பதால். மொட்டை யாரையும் இழிவு செய்யவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே கூடையில் விழுகின்றன. பண்பாட்டுமயமாதல் என்ற பெயரில் சாதிக்கு இடம் கொடுத்ததும், அஞ்ஞானம் என்ற பெயரில் ஏழைகளின் நேர்ச்சையைப் பழித்ததும் அந்த ஒரே கேள்வியின் விளைவுகள்.

திருச்சபைக்குள்ளேயே இருக்கும் சீர்திருத்தக்காரரின் குறை வேறு. நேர்ச்சை என்பது கொடுக்கல் வாங்கல், நம்பிக்கை அல்ல என்கிறார்கள். காணிக்கை போட்டால் காரியம் நடக்கும் என்ற மனம் சிலரிடம் இருக்கலாம். ஆனால் பாதயாத்திரையாகப் பல நாள் நடந்து வந்து, கால் வெடித்து, கடலில் குளித்துவிட்டு மாதாவின் முன் நிற்கிறவரில் பெரும்பாலோர் பெற்றதற்கு நன்றி செலுத்த வந்தவர்கள். கேட்டது கிடைக்காமலே திரும்பத் திரும்ப வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பேரம் பேசுகிறவர் அப்படி வரமாட்டார். 1962இல் போப் 23ஆம் யோவான் இத்தலத்தைப் பேராலயமாக உயர்த்தினார். 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு எழுதிய மடல், கிறித்துவரல்லாத திருப்பயணிகள் இங்கே வருவதைச் சமயக் கலப்பாகக் கருதலாகாது என்று சொன்னது. ரோம் சொல்லிவிட்டதால் வாதம் முடிந்துவிட்டது என்று நான் கூறவில்லை; 1744இல் ரோம் வேறு மாதிரியும் சொன்னது. தடை இருந்த நாளிலும் பாராட்டு வந்த நாளிலும் மக்கள் செய்தது மாறவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அங்கே வரும் இந்துக்களையே இறுதியாகச் சான்றுக்கு அழைப்பார்கள்: அவர்கள் மாதாவை இன்னொரு அம்மனாகத்தானே கும்பிடுகிறார்கள்? அப்படிக் கும்பிடுகிறவர் இருக்கலாம். அவருடைய மனம் அவருக்கே உரியது. ஆனால் அவர் தம் ஊர் மாரியம்மன் கோயிலைக் கடந்துதான் வேளாங்கண்ணிக்கு வருகிறார். இரண்டும் ஒன்றேயானால் அந்தப் பயணமே தேவைப்பட்டிராது. மெழுகுவத்தி வாங்குகிறார், செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார், திருப்பலி நேரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கிறார், எண்ணெயும் தீர்த்தமும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தாம் வந்திருப்பது கிறித்துவர் கோயில் என்பதை ஒவ்வொரு செயலிலும் அவர் அறிந்தே இருக்கிறார். வித்தியாசம் தெரியாமல் வருகிறவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர் அவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம்.